கைக்கு வருமுன்னே கரையும் சம்பளம்: நெல்லைச் சீமை இளைஞர்களின் கடன் கேள்விகளும் பதில்களும்

தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில், நகைக்கடன் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காருவேன். முதலில் ஒருவர் வந்தார். அவர் தன் நண்பரை அழைத்து வந்தார். இப்போது பேட்டை, மேலப்பாளையம், முக்கூடல், வள்ளியூர் என்று பல ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலும் இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் இருப்பவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

எனக்கு மொத்தம் எவ்வளவு கடன் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

எழுதுவதிலிருந்து. செல்போனில் குறித்துக்கொள்ளாதீர்கள், தாளில் எழுதுங்கள்.

போன ஆண்டு அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். மாதச் சம்பளம் 18,500 ரூபாய். கடன் எவ்வளவு என்று கேட்டேன். "அறுபது, எழுபதாயிரம் இருக்கும் அண்ணாச்சி" என்றார். டீக்கடைக்காரரிடம் தினசரி காலண்டரில் கிழித்துப் போட்ட தாள்களை வாங்கி, பின்பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒரு கடன் என்று எழுதச் சொன்னேன். ஏழு கடன் ஆப்கள், ஒரு கிரெடிட் கார்டு, பைக் தவணை, செல்போன் தவணை, நண்பரிடம் கைமாற்று, தெருமுனை மளிகைக் கடையில் பற்று. மொத்தம் பன்னிரண்டு தாள். பத்தாவது தாளில் பேனா நின்றுவிட்டது. கூட்டிப் பார்த்தால் 1,94,000 ரூபாய். மாதம் கட்ட வேண்டியது 21,300. சம்பளத்தைவிடத் தவணை பெரியது. ஏன் மாதாமாதம் புதிய ஆப் தேட வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அதுவரை தன்னிடம் கட்டுப்பாடு இல்லை என்றே அவர் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு தாளிலும் யாரிடம் வாங்கியது, எழுதிக் கொடுத்த தொகை எவ்வளவு, உண்மையில் கைக்கு வந்தது எவ்வளவு, மாதத் தவணை, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பவை இருக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததும் கைக்கு வந்ததும் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசத்தைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

மறந்துபோன கடன்களைக் கண்டுபிடிக்கக் கடன் வரலாற்று அறிக்கை உதவும். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று மாற்றி மாற்றி வாங்கினால் ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். உங்கள் பெயரில் வேறு யாராவது கடன் வாங்கியிருந்தால் அதுவும் இதில் தெரியும். கைமாற்றும் தண்டலும் இதில் வராது, அவற்றை நீங்கள்தான் எழுத வேண்டும்.

"மூன்று வட்டி" என்கிறார்கள். அது அதிகமா, குறைவா?

நம் ஊரில் வட்டியை மாதக் கணக்கில் சொல்வார்கள், வங்கி ஆண்டுக் கணக்கில் சொல்லும். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36. ஐந்து வட்டி ஆண்டுக்கு 60. பத்து வட்டி ஆண்டுக்கு 120. கடன் எதுவானாலும் ஆண்டு வட்டிக்கு மாற்றிய பிறகே அடுத்த பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டல் கணக்கு இன்னும் மறைவானது. பத்தாயிரம் என்று பேசி 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரத்து ஐந்நூறுதானே அதிகம், நூற்றுக்குப் பதினைந்துதானே" என்று தோன்றும். அப்படியில்லை. முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருகிறது. ஐம்பதாவது நாளில் உங்கள் கையில் இருப்பது அவர்கள் பணத்தில் பாதிதான். முறைப்படி கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடு வருகிறது. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் காலையில் வாங்கி மாலையில் விற்று லாபம் பார்க்கும் வியாபாரி ஒருவேளை இதைத் தாங்கலாம். மாதச் சம்பளக்காரர் தாங்க முடியாது.

பைக் கடனில் சொல்லப்படும் "ஃபிளாட்" வட்டியும், அதாவது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை போடும் வட்டியும், இப்படித்தான். ஒரு லட்சம், பத்து விழுக்காடு, மூன்று ஆண்டு என்றால் வட்டி முப்பதாயிரம், மாதத் தவணை 3,611 ரூபாய். குறையும் அசலுக்கு வட்டி கணக்கிட்டால் இது உண்மையில் ஆண்டுக்குப் பதினெட்டு விழுக்காட்டை ஒட்டி வரும். ஷோரூமில் கையெழுத்துப் போடும் முன் "குறையும் அசல் முறையில் எத்தனை விழுக்காடு?" என்று கேளுங்கள். எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தை ஒரே தாளில் எழுதித் தரும் கடமை கடன் தருபவருக்கு உண்டு. பொறுமையாகக் கேட்டு வாங்குங்கள்.

கிரெடிட் கார்டில் மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். ஆனால் கடன் குறையவே இல்லையே?

40,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். பல கார்டுகளில் வட்டி மாதம் மூன்றரை விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. அது 1,400 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 252 ரூபாய். குறைந்தபட்சத் தொகை ஐந்து விழுக்காடு என்றால் நீங்கள் கட்டுவது 2,000. அதில் 1,652 வட்டிக்கும் வரிக்கும் போய்விட, அசலில் கழிவது 348 ரூபாய். ஒரு மாத உழைப்பில் ஒதுக்கிய இரண்டாயிரத்துக்கு இவ்வளவுதான் பலன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முழுப் பாக்கியையும் கட்டாத மாதத்தில், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். நாற்பத்தைந்து நாள், ஐம்பது நாள் வட்டி இல்லாத சலுகை முழுதாகக் கட்டுபவருக்கு மட்டுமே. எனவே பாக்கி தீரும்வரை கார்டை வீட்டுப் பீரோவில் பூட்டிவையுங்கள். யு.பி.ஐ.யோடு இணைத்திருந்தால் அந்த இணைப்பையும் நீக்குங்கள். டீக்கடையில் ஸ்கேன் செய்யும் பத்து ரூபாய்கூடக் கடனாகப் போய்ச் சேரும் வழி அது.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்றால் வட்டியே இல்லையா?

வட்டி இருக்கிறது. மொத்தமாகப் பணம் கட்டுபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது, அல்லது அந்தத் தள்ளுபடி வட்டிக்கு ஈடாகக் கழிக்கப்படும். செயலாக்கக் கட்டணமும் வட்டி மீதான ஜி.எஸ்.டி.யும் தனியே வரும். இரண்டு விலையையும் கேட்டு ஒப்பிடுங்கள்.

கடன் ஆப்பில் ஐயாயிரம் வாங்கினேன். தவணை தவறியதும் என் செல்போனில் உள்ள எண்களுக்கெல்லாம் அழைக்கிறார்கள். படத்தை மாற்றி அனுப்புவோம் என்று மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தவணை தவறியது உங்கள் பிழையாக இருக்கலாம், ஆனால் மிரட்டல் குற்றம். முன்னதற்காகப் பின்னதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதிகள் கொண்டுவந்தது, 2025 மே மாதம் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. கடன் தொகை நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். ஆப், உங்கள் செல்போனின் தொடர்பு எண்களையும் படங்களையும் அழைப்பு விவரங்களையும் எடுக்கக் கூடாது. வாங்கிய கடனைத் திருப்பித் தந்து, அபராதம் இல்லாமல் விலகக் குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. வசூலுக்கு வருபவர் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. முறையாக இயங்கும் ஆப்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே இருக்கிறது. உங்களை மிரட்டும் ஆப் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இல்லையென்றால் அது பெரும்பாலும் மோசடிக் கும்பல். ஐயாயிரம் கட்டினாலும் இன்னும் ஐயாயிரம் கேட்பார்கள். கட்டுவதை நிறுத்துங்கள். மிரட்டல் செய்திகளையும் பணம் அனுப்பிய ரசீதுகளையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், மாவட்ட சைபர் குற்றக் காவல் பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பட்டியலில் உள்ள நிறுவனமாக இருந்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுதுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான இலவச எண் 14448.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டாருக்கும் நெருங்கிய உறவினருக்கும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். "என் பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால், படம் அனுப்பினால், நம்பாதீர்கள், புகார் கொடுத்திருக்கிறேன்" என்று ஒரு வரி போதும். யாருக்கும் தெரியக் கூடாது என்று நீங்கள் நினைப்பதுதான் அவர்கள் கையில் இருக்கும் ஆயுதம்.

வீட்டில் எப்படிச் சொல்வது? அப்பாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது. பல ஆண்டுகளாக நான் பார்த்தவரை, நம் பிள்ளைகளின் கடன் ஊதாரித்தனத்தால் மட்டும் பெருகவில்லை. மறைத்து வைப்பதால் பெருகுகிறது. முதல் ஐயாயிரத்தை வீட்டில் சொல்லியிருந்தால் அது ஐயாயிரமாகவே முடிந்திருக்கும். சொல்லக் கூச்சப்பட்டு, அதை அடைக்க எட்டாயிரம், அதை அடைக்கப் பதின்மூன்றாயிரம் என்று ஏறிப் போகிறது.

காலண்டர் தாளில் எழுதிய அந்தத் தம்பியின் அம்மா பீடி சுற்றுபவர். "அம்மாவிடம் மட்டும் சொல்ல முடியாது அண்ணாச்சி" என்று அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு நானும் அவருடன் பஸ் ஏறிப் போனேன். அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு தாளையும் மகன் ஒவ்வொன்றாக வாசித்தார். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை, கத்தரி மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. மளிகைக் கடைத் தாள் வந்ததும் கத்தரி நின்றது. "அந்த ஆயிரத்து நானூறு எனக்குத் தெரியும், போன மாதமே நான் கொடுத்துவிட்டேன்" என்றார். மகன் மறைத்து வைத்திருந்ததை அவர் எப்போதோ தெரிந்துவைத்திருந்தார். அவரும் மகனிடம் ஒன்றை மறைத்து வைத்திருந்தார்.

சொல்லும்போது மொத்தத்தையும் சொல்லுங்கள். பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தால், இரண்டாவது முறை நம்பிக்கை போய்விடும். தாள்களோடு போங்கள். "இவ்வளவு கடன், மாதம் இவ்வளவு கட்ட முடியும், இவ்வளவு பற்றவில்லை" என்று கணக்காகப் பேசினால் கோபம் சீக்கிரம் தணியும். அப்பாவிடம் முடியாதென்றால் மாமாவிடம், அத்தையிடம், மதினியிடம் சொல்லுங்கள். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கடனைச் சொல்ல வந்த அன்று திட்டாதீர்கள். பேச வேண்டியதை மறுநாள் பேசலாம்.

அம்மாவின் நகையை அடகு வைத்து ஆப் கடனையெல்லாம் அடைக்கலாமா?

கணக்கு மட்டும் பார்த்தால், அடைக்கலாம். வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் நகைக்கடன் வட்டி பொதுவாக ஆண்டுக்குப் பத்து, பன்னிரண்டு விழுக்காட்டை ஒட்டி இருக்கும். தனியார் நிறுவனங்களில் இருபதைத் தாண்டுவதும் உண்டு. நூறு விழுக்காட்டுக் கடனைப் பன்னிரண்டு விழுக்காட்டுக்கு மாற்றுவது நல்ல மாற்றம்தான்.

ஆனால் நான் இரண்டு நிபந்தனை வைப்பேன். அடைத்த அன்றே அந்த ஆப்கள் எல்லாவற்றையும் செல்போனிலிருந்து நீக்க வேண்டும். நீக்காதவர்களில் பலர் ஆறே மாதத்தில் நகைக்கடனும் ஆப் கடனும் சேர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, நகை யாருடையதோ அவர் முழு விவரமும் தெரிந்து, மனமுவந்து தர வேண்டும். பீரோவிலிருந்து எடுத்துப் போய் வைத்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்பது கடனைவிடப் பெரிய காயம்.

ஓர் ஆண்டில் மொத்தமாகத் திருப்பும் நகைக்கடனில் மாதம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. அதனால் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஏல நோட்டீஸ் வரும்போதுதான் நினைவு வருகிறது. அசலை மாதாமாதம் கொஞ்சமாவது கட்டுங்கள், கவுண்டரில் வாங்கிக்கொள்வார்கள்.

கந்துவட்டிக்காரர் வெற்றுக் காசோலையும் கையெழுத்துப் போட்ட பத்திரமும் வைத்திருக்கிறார். காவல் நிலையம் போகப் பயமாக இருக்கிறது.

2017 அக்டோபர் 23, ஒரு திங்கள்கிழமை. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்குக் கந்துவட்டிக் கொடுமை பற்றி மனு கொடுக்க வந்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்தையே நாம் இழந்தோம். கணவன், மனைவி, இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகள். அந்த வளாகத்தைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் குழந்தைகளின் நினைவு வராமல் இருப்பதில்லை. எனவே இதை நான் ஆற அமர எழுதவில்லை.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல், நாள் வட்டி, மணி வட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். கடனை வசூலிக்கும் பெயரில் நடக்கும் மிரட்டலுக்கும் அத்துமீறலுக்கும் எதிராக 2025-இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது.

தனியாகப் போகாதீர்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழையுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக வக்கீல் கிடைப்பார். காசோலை எண்ணை வங்கியில் எழுதிக் கொடுத்துப் பணம் தருவதை நிறுத்தச் சொல்லலாம். அதன் பிறகும் காசோலை வழக்கு வர வாய்ப்பு இருப்பதால் வக்கீலைக் கலந்துகொண்டு செய்யுங்கள். கொடுத்த பணத்துக்கு ஆதாரம் சேருங்கள். இனிமேல் ஒரு ரூபாய்கூட ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

கடன் கட்டாவிட்டால் போலீஸ் கைது செய்யுமா?

பணம் இல்லாமல் தவணை தவறுவது உரிமையியல் விவகாரம். அதற்காக யாரும் உங்களைக் கைது செய்ய முடியாது. "நாளைக் காலை வாரண்டோடு வருகிறோம்" என்று செல்போனில் சொல்பவர் பொய் சொல்கிறார். ஆனால் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் கதை வேறு. முறையான நோட்டீஸ் வந்து பதினைந்து நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் குற்ற வழக்குத் தொடர முடியும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை திரும்பினாலும் அப்படியே. வக்கீல் நோட்டீஸைப் பிரிக்காமல் வைக்காதீர்கள்.

கோயில் கொடை (திருவிழா) வரி, மொய், நண்பன் கல்யாணம்... இதையெல்லாம் குறைத்தால் ஊரில் மதிப்பு இருக்குமா?

சுடலைமாட சுவாமிக்கும் முத்தாரம்மனுக்கும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கொடுப்பது நம் மண்ணின் வழக்கம். அதை நிறுத்து என்று நான் சொல்ல மாட்டேன். வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் கேட்காமல் எனக்கே ஆண்டு கழியாது. கொடை எந்த மாதம் என்பது முன்பே தெரியும், வரி எவ்வளவு என்பதும் ஏறத்தாழத் தெரியும். ஆண்டுக்கு ஆறாயிரம் என்றால் மாதம் ஐந்நூறு எடுத்து வைத்தால் தீர்ந்தது. தெரிந்தே வரும் செலவுக்குக் கடன் வாங்குவதுதான் என்னால் ஏற்க முடியாதது.

வரிக்குமேல் வருவதுதான் கழுத்தை நெரிக்கிறது. கொடைக்கென்று ஒரே நிறத்தில் நண்பர் குழு எடுக்கும் சட்டை, வாடகை வண்டி, ஃபிளெக்ஸ் பலகையில் பெயர் போடப் பங்கு, மூன்று நாள் விருந்து. சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஊர் திரும்பும் பிள்ளைகள், அங்கே நன்றாக இருக்கிறோம் என்று காட்ட வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார்கள். கங்கைகொண்டான் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண், தோழியின் கல்யாணத்துக்கு மோதிரம் போடப் பதினைந்தாயிரம் கடன் வாங்கப் போவதாகச் சொன்னார். "அவள் எனக்குப் போட்டாளே" என்றார். விசேஷ வீடுகளில் ஒருவருக்கொருவர் செய்யும் செய்முறை என்பது வட்டியில்லாக் கடன்தான், திருப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் இன்றே, வட்டிக்கு வாங்கித் திருப்ப வேண்டும் என்று எந்த வழக்கமும் சொல்லவில்லை. தோழியிடம் பேசினார். தோழிக்கு முதல் குழந்தை பிறந்த பிறகு காப்புப் போட்டார். தோழி ஒன்றும் நினைக்கவில்லை.

பெரிய செலவு எதுவும் இல்லை. ஆனாலும் இருபதாம் தேதியே பணம் தீர்ந்துவிடுகிறது. ஏன்?

மாதம் முழுவதும் ஒரே கணக்கிலிருந்து ஸ்கேன் செய்வதால். கையில் நோட்டாக இருந்தபோது பர்ஸ் மெலிவது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது பரோட்டாக் கடையில் 180, ரீசார்ஜ் 299, பெட்ரோல் 200 என்று எதுவும் உறைப்பதில்லை.

இரண்டு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வரும் கணக்கில் யு.பி.ஐ. வேண்டாம். வாடகை, தவணை, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அதிலிருந்து போகட்டும். இன்னொரு கணக்குக்கு வாரா வாரம் ஞாயிறு காலையில் செலவுக்கான தொகையை மட்டும் மாற்றுங்கள். வியாழக்கிழமையே தீர்ந்தால் மூன்று நாள் நெருக்கடி, மாதத்தில் பத்து நாள் நெருக்கடியைவிட நல்லது. இதைச் செய்தவர்கள் யாரும் என்னிடம் வந்து பயனில்லை என்று சொன்னதில்லை.

நெருங்கிய நண்பன் ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறான். மறுத்தால் நட்பு போய்விடுமே?

ஜாமீன் போடுபவருக்கும் கடன் வாங்கியவருக்கும் பொறுப்பு சமம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் சொல்வது அதைத்தான். நண்பர் கட்டாவிட்டால் அவரைத் தேடிவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. அவருடைய தவணை தவறினால் உங்கள் கடன் மதிப்பெண்ணும் இறங்கும். முழுத் தொகையையும் நானே கட்ட நேர்ந்தால் கட்டுவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் கையெழுத்து வேண்டாம். முடிந்த ஒரு தொகையைத் திரும்ப எதிர்பார்க்காமல் கொடுத்துவிடுங்கள். உங்கள் பெயரில் செல்போன் தவணை எடுத்து அவருக்குத் தருவதும் இதே வகைதான்.

இழந்த பணத்தை ஆன்லைன் ரம்மியிலோ பங்குச் சந்தையிலோ திரும்ப எடுக்க முடியாதா?

முடியாது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்ட் மாதம் வந்த மத்தியச் சட்டமே தடை செய்துவிட்டது. இன்னும் ஆட அழைப்பவர் சட்டத்துக்கு வெளியே இருப்பவர், அவரிடம் நீங்கள் ஜெயித்தாலும் பணம் வராது.

பங்குச் சந்தையில் நம் பிள்ளைகள் போவது பெரும்பாலும் எஃப் அண்டு ஓ எனப்படும் முன்பேர வணிகத்துக்கு. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் பணத்தை இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் ஈடுபடுவோரில் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31-லிருந்து 43 விழுக்காடாக உயர்ந்திருந்தது. கடன் பணத்தைக் கொண்டு அதில் இறங்குவதை யார் கேட்டாலும் தடுப்பேன்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது?

ஆண்டு வட்டி அதிகமானதை. எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயையும் அந்த ஒன்றின்மேல் போடுங்கள். மனம் தளர்ந்திருப்பவர்கள் மட்டும் மிகச் சிறிய கடன் ஒன்றை முதலில் முடிக்கலாம். ஒரு தாளைக் கிழித்துப் போடும் தெம்பு அடுத்த இரண்டு மாதத்துக்கு வரும். கல்விக்கடனைக் கடைசிக்கு விடுங்கள். அதன் வட்டி குறைவு, தவணைக் காலமும் நீண்டது. ஆனால் படிக்கும் காலத்திலும் அதற்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இந்த மாதம் தவணை கட்டவே முடியாது. செல்போனை அணைத்து வைக்கலாமா?

தவணைத் தேதிக்கு முன்பே கிளைக்குப் போய், காரணத்தை எழுதிக் கொடுங்கள். வேலை போனது, விபத்து, மருத்துவச் செலவு என்றால் ஆதாரம் வையுங்கள். தவணைக் காலத்தை நீட்டித்துத் தொகையைக் குறைக்கக் கேட்கலாம். மறுத்தாலும் நீங்கள் கேட்டதற்குப் பதிவு இருக்கும்.

"இவ்வளவு கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்கிறோம்" என்று வந்தால் அவசரப்படாதீர்கள். கடன் அறிக்கையில் அது "முழுதாகக் கட்டி முடிக்கப்பட்டது" என்று வராமல் "பேசி முடிக்கப்பட்டது" என்று வரும். பிற்காலத்தில் வீட்டுக்கடன் கேட்கும்போது அது தடையாக நிற்கும். வேறு வழியே இல்லாதபோது மட்டும், எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

தூக்கம் வரவில்லை. இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது.

இதைப் படிப்பதை இப்போதே நிறுத்திவிட்டு 14416 அல்லது 104 என்ற எண்ணை அழையுங்கள். இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "என்னைத் தனியாக விடாதே" என்று சொல்லுங்கள். பணத்தைப் பற்றி நாளை பேசிக்கொள்ளலாம். இரண்டு லட்சம், ஐந்து லட்சம் கடனோடு வந்து, தவணை தவணையாக முடித்து, கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தவர்கள் என் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடன் முடிந்த பிறகு செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. பலர் கடைசித் தவணையோடு நின்றுவிடுகிறார்கள். கடன் பாக்கி இல்லை என்ற சான்றிதழை முத்திரையோடு வாங்குங்கள். கொடுத்த காசோலைகளையும் புரோநோட்டையும் திரும்ப வாங்கி, உங்கள் கையாலேயே கையெழுத்துப் பகுதியைக் கிழியுங்கள். கணக்கில் தானாகப் பிடிக்கும் அனுமதியை வங்கியில் ரத்து செய்யுங்கள். பைக் கடன் என்றால் சான்றிதழோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து ஆர்.சி.யிலிருந்து நிதி நிறுவனத்தின் பெயரை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை விற்க முடியாது. இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இன்னும் பாக்கி என்று காட்டினால் திருத்தக் கோரி விண்ணப்பியுங்கள். முப்பது நாளுக்குள் திருத்தாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும்.

நகைக்கடன் என்றால், ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்டு 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வரச் சொன்ன விதியின்படி, பணத்தைக் கட்டி முடித்த ஏழு வேலை நாளுக்குள் வங்கியோ நிதி நிறுவனமோ நகையைத் தந்துவிட வேண்டும். அவர்கள் பக்கம் தாமதமானால் நாளுக்கு ஐயாயிரம் ரூபாய் தர வேண்டும். கவுண்டரிலேயே எடை போட்டுப் பாருங்கள், அடகுச் சீட்டில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள், கல், திருகு, கொக்கி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். காலண்டர் தாளில் எழுதிய அந்தத் தம்பி, கடனை அடைக்க அடகு வைத்திருந்த அம்மாவின் கம்மலையும் சங்கிலியையும் பதினான்கு மாதத்தில் மீட்டார். திருகாணி ஒன்று உறையின் மூலையில் சிக்கியிருந்தது. உறையைத் தட்டிப் பார்க்கச் சொன்னவர் அவர் அம்மாதான்.